ரசீது யாருக்குப் போகிறது

ஜனவரி 20, திங்கள்

கிடைத்துவிட்டது. ஜான்சி மேடம் அனுமதி கொடுத்துவிட்டார். பிப்ரவரி கடைசி வரை எங்கள் வளாகத்தில் கேன்டீன், மோர்க்கடை, ஜெராக்ஸ் கடை, ஸ்டோர், ஸ்போர்ட்ஸ் ரூம் எல்லா இடத்திலும் 'டப்பு' ஓடும். நான் எழுதிய டப்பு. போனில் பணத்தை ஏற்றி வைத்துக்கொண்டு கல்லூரிக்குள் செலவழிக்கும் பணப்பை. ஆப் நன்றாக ஓடினால் அடுத்த வருடம் கல்லூரி முழுக்க நிரந்தரம். ஓடாவிட்டால் மார்ச் ஒன்றாம் தேதி சர்வரை அணைத்துவிடுவார்கள். அணைக்க மாட்டார்கள்.

மேடம் எங்கள் துறைத் தலைவர். அவர் நிபந்தனை ஒன்று வைத்திருக்கிறார். "பசங்க ஏன் நம்புறாங்க, ஏன் பயப்படுறாங்கன்னு எனக்கு ஸ்டடி வேணும். கோடை மட்டும் எழுதிட்டு வந்து நிக்காதே இசக்கி." புராஜெக்ட் டைரியும் எழுதிக் காட்ட வேண்டுமாம். அதில் அவருக்குப் பிடித்ததை எழுதுவேன். இது எனக்கு.

டீமில் மூன்று பேர். நான். என் ரூம்மேட் பெனட், உடன்குடிக்காரன், டெஸ்டிங் பார்ப்பதாகச் சொல்லிக்கொள்பவன். மூன்றாவது கோமதி, சங்கரன்கோவில். சர்வே அவள் பொறுப்பு. சர்வே எல்லாம் ஒரு வேலையா என்று கேட்டுவிட்டேன்.

"ஆள்கிட்ட பேசத் தெரிஞ்சவங்க செய்ற வேலை. ஒனக்கு வேண்டாம்," என்றாள்.

ஜனவரி 23, வியாழன்

சர்வேயின் முதல் சுற்று வந்துவிட்டது. 'டிஜிட்டல் பணப்பையில் உங்களுக்கு என்ன பயம்?' என்ற கேள்விக்குப் பாதிப்பேர் எழுதிய பதில்: ஹேக்கர்.

யார் அந்த ஹேக்கர்? ரஷ்யாவில் உட்கார்ந்துகொண்டு எங்கள் மெக்கானிக்கல் பையன்களின் பரோட்டாக் காசைக் குறிவைக்கிறானா?

நான் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே பெனட் குளியலறையிலிருந்து கத்துகிறான். "ஏல, கீழ போறவன் எவனாவது என் போன எடுத்துட்டுப் போயி ஒரு ஷாம்பு வாங்கிட்டு வாங்கல. பின்னு எங்கம்மா பிறந்த வருஷம்." மாடி முழுக்க அவன் அம்மா பிறந்த வருஷம் தெரியும். எங்கள் விடுதியில் எல்லாருக்கும் எல்லாருடைய பின் நம்பரும் தெரியும். அவன் சர்வே தாளை எடுத்துப் பார்த்தேன். 'ஹேக்கர்' என்று எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டிருக்கிறான்.

கோமதியிடம் காட்டினேன். அவள் சிரிக்கவில்லை.

"கேட்டா எல்லாரும் ஹேக்கர்னுதான் சொல்லுவாங்க. அது சொல்றதுக்கு ஈசியான பயம்," என்றாள்.

"அப்ப கஷ்டமான பயம் எது?"

"அதத்தானே கண்டுபிடிக்கச் சொல்லியிருக்காவ."

ஜனவரி 28, செவ்வாய்

இன்று ஒன்று தெரிந்துகொண்டேன். கோமதி எந்தப் பணம் செலுத்தும் ஆப்பும் வைத்திருக்கவில்லை. இறுதியாண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ். போன் கவருக்குப் பின்னால் நோட்டை நாலாக மடித்து வைத்திருக்கிறாள். கேன்டீனில் சில்லறைக்காக அவள் பத்து நிமிடம் நிற்கிறாள், அவளுக்குப் பின்னால் நான் நிற்கிறேன்.

"உன்ன மாதிரி ஆள வச்சிக்கிட்டு நான் டிஜிட்டல் பணப்பை செய்றேன். விளங்கும்," என்றேன்.

"ஒவ்வொரு டீக்கும் போன் அடிக்கும். எடுத்து பதில் சொல்ல எனக்கு நேரமில்ல."

"நோட்டிஃபிகேஷன மியூட் பண்ணத் தெரியாதா ஒனக்கு?"

ஒரு பார்வை பார்த்தாள். சில்லறையை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். சாயங்காலமே டப்புவில் நோட்டிஃபிகேஷனைச் சத்தமில்லாமல் ஆக்கும் வசதியைச் சேர்த்துவிட்டேன். சொல்லப்போனால் அவள் கேட்டதற்காக இல்லை. எப்படியும் சேர்த்திருப்பேன். யாரும் அதைத் தொடவில்லை, அவள் உட்பட.

பிப்ரவரி 3, திங்கள்

பையன்கள் டப்புவில் சேர்ந்துவிட்டார்கள். பெண்கள் விடுதி மட்டும் அசையவில்லை. மேடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

மதியம் லேபில் கோமதியே வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் சீரியஸ்.

"பேங்க்லேர்ந்து டப்புல பணம் ஏத்துனா, பேங்க்ல இருக்கிற நம்பருக்கு என்னன்னு மெசேஜ் போகும்?"

"காலேஜ் பேர் போட்டு வரும். அவ்வளவுதான்."

"ஒரு தடவதானே? ஏத்தும்போது மட்டும்?"

"ஆமா."

"அதுக்கப்புறம் உள்ள நான் எங்க போறேன், என்ன வாங்குதேன், அது வெளிய யாருக்கும் போகாதுல்ல?"

ஹேக்கர் பயம்தான், வேறென்ன. தகவல் எப்படிப் பூட்டப்படுகிறது என்று ஒயிட்போர்டில் வரைந்து காட்டினேன். பாதியிலேயே கொட்டாவி விட்டாள். சுருக்கிச் சொல்லிவிட்டேன்: "போகாது. ஒங்க அப்பாவே நேர்ல வந்து நின்னாலும் தெறக்க முடியாது."

அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சிரித்தாள். லேப் அசிஸ்டென்ட் திரும்பிப் பார்த்தார். என் ஜோக்குக்கு இதுவரை யாரும் இப்படிச் சிரித்ததில்லை. எனக்கு நகைச்சுவை வரும் என்று பெனட்டிடம் சொல்ல வேண்டும்.

"சத்தியமா?" என்றாள் கடைசியில், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"சத்தியமா."

பிப்ரவரி 5, புதன்

வெடித்துவிட்டது!

பெண்கள் விடுதி மொத்தமும் உள்ளே. நேற்றுக் காலையிலிருந்து திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எண்ணிக்கை ஏறிக்கொண்டே இருக்கிறது. மோர்க்கடை, கேன்டீன், ஸ்டோர், மறுபடி மோர்க்கடை. ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம். ஐஸ்கிரீம். இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி ஸ்டோரில் லிப்ஸ்டிக் வாங்கிவிட்டு டப்புவுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டிருக்கிறாள். விமர்சனம்: 'நிம்மதி'.

நான் கடைசியாகச் சேர்த்த பச்சை டிக்தான் காரணம். பணம் போனதும் அது சின்னதாக ஒரு துள்ளு துள்ளும். அந்தத் துள்ளலுக்கு ஒரு நாள் முழுக்க உழைத்தேன். நம்பிக்கை என்பது டிசைன். மேடத்தின் டைரியில் இதை எழுதினேன்.

கோமதியிடம் சொன்னேன். "ஆமா, டிக்குதான்," என்றாள். அவளும் ஏற்றியிருக்கிறாள். போன் கவருக்குப் பின்னால் இப்போது நோட்டு இல்லை.

பிப்ரவரி 12, புதன்

கிரவுண்டில் வைஃபை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். மகளிர் கால்பந்து அணி பயிற்சியில் இருந்தது. கோமதி வலது ஓரத்தில் ஆடுகிறாள். பந்து அவள் காலுக்கு வந்தால் எதிராளி இடது பக்கம் போவதா வலது பக்கம் போவதா என்று யோசிக்கும் நேரத்தில் அவள் போய்விட்டிருக்கிறாள். லேபில் ஒரு டேட்டாபேஸ் டேபிளை இணைக்க அரை மணி நேரம் யோசிக்கிற அதே ஆள்தானா?

முக்கியச் செய்தி: அரையிறுதியில் ஜெயித்துவிட்டார்கள். இருபத்திரண்டாம் தேதி பாளையங்கோட்டையில் ஃபைனல். எங்கள் கல்லூரி இதற்கு முன்னால் ஃபைனல் வரைக்கும் போனதே இல்லையாம். அணி பஸ்ஸுக்கு ஆளுக்கொரு பங்கு, ஜெர்சி, முழங்கால் பட்டை எல்லாம் ஸ்போர்ட்ஸ் ரூமில் டப்பு வழியாகவே வாங்கிக்கொள்கிறார்கள்.

"நாலு வருஷமா இதுக்குத்தான் ஓடுதேன். ஃபைனல் மட்டும் ஆடிட்டேன்னா போதும். அப்புறம் என்ன வேணா நடக்கட்டும்," என்றாள், பூட்ஸ் கயிற்றைக் கழற்றிக்கொண்டே.

"என்ன நடக்கும்?"

"ஒண்ணுமில்ல. வைஃபை கிடைச்சுதா?"

கிடைக்கவில்லை. நாளைக்கும் போய்ப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

இன்று மீட்டிங். மேடம் முழுக்கத் திருப்தி. ஒரே ஒரு குறை. கடைக்காரர்களும் பையன்களும் ரசீது கேட்கிறார்கள். டிக் துள்ளினாலும் போனில் எஸ்எம்எஸ் வந்தால்தான் பணம் போனதாக மனசுக்குப் படுகிறதாம். இரண்டாவது சர்வேயில் பையன்கள் பக்கத்தில் இதுதான் முதலிடம். பெண்கள் பக்கத்தில் ஒருத்தி கூட இதைக் கேட்கவில்லை. அவர்களுக்கு ஏற்கனவே நம்பிக்கை வந்துவிட்டது போல.

"எவ்வளவு நாள் ஆகும் இசக்கி?"

"ஒரு மணி நேரம் மேடம்."

முக்கால் மணியில் முடித்தேன். எஸ்எம்எஸ் அனுப்ப கல்லூரியில் ஏற்கனவே வசதி இருக்கிறது. வருகைப்பதிவு மெசேஜ்கள் அதில்தான் போகின்றன. மாணவர் பட்டியலும் ஆபீஸ் சர்வரில் தயாராக இருக்கிறது. பெயர், பதிவு எண், மொபைல். மேடத்திடம் கேட்டு வாங்கி டப்புவை அதோடு இணைத்தேன். அவ்வளவுதான். கோமதி பயிற்சிக்குப் போயிருந்தாள். அவளுக்காகக் காத்திருந்தால் நாளை ஆகிவிடும்.

டெஸ்டிங்: பெனட் ஒரு வடை வாங்கினான். அவன் போனுக்கு ரசீது வந்தது. நான் ஒரு மோர் வாங்கினேன். என் போனுக்கு எதுவும் வரவில்லை. இரண்டு நிமிடத்தில் திசையன்விளையிலிருந்து அப்பா கூப்பிட்டார்.

"ஏல, மோர் குடிச்சியோ?"

"ஆமா, ஏன்?"

"இல்ல, மெசேஜ் வந்துச்சு. நல்லதுதான். வெயில் கூடக் கெடக்கு. காப்பிய கொற."

நான் சேரும்போது எனக்கு போன் கிடையாது. அப்பா நம்பரைத்தான் கொடுத்திருந்தேன். மறந்தே போய்விட்டது. என் பதிவை மட்டும் கையால் திருத்தினேன். மறுபடி ஒரு மோர். இப்போது ரசீது என் போனுக்கு வந்தது. பெனட்டுக்குச் சரி, எனக்குச் சரி. டெஸ்ட் பாஸ்.

"ஒனக்கு மட்டும் ஏம்ல தப்பா இருந்துச்சு? மத்தவனுக்கு?" என்றான் பெனட்.

"நீ வடையத் தின்னு."

பிப்ரவரி 19, புதன்

மதியம் சாப்பாட்டு நேரத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டேன். சேவை தொடங்கிய அடையாளமாக ஒவ்வொருவருக்கும் இதுவரை செய்த செலவுகளின் தொகுப்பு ஒன்றும் சேர்த்து அனுப்பினேன். யாரும் கேட்காத வசதி. நானே யோசித்தது. எந்தப் பெரிய ஆப்பிலும் இது கிடையாது. கேன்டீன் மேசையில் உட்கார்ந்து கறிக்குழம்பைக்கூட மறந்துவிட்டுத் திரையைப் பார்க்கிறேன். போய்க்கொண்டே இருக்கிறது. அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது, அனுப்பப்பட்டது. இந்தக் கல்லூரியில் இதற்கு முன் எவனும் இப்படி ஒரு காரியம் செய்ததில்லை.

என் போன் விடாமல் அடிக்கிறது. பெண்கள் விடுதிப் பக்கமிருந்துதான் எல்லாம். பாராட்டு. சாப்பிட்டுவிட்டு எடுக்கிறேன்.

அதே நாள்

எடுத்தேன்.

பிப்ரவரி 20, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும்.

பட்டியலில் இருந்த 'மொபைல்' மாணவருடையது இல்லை. வீட்டாருடையது. பிள்ளை வகுப்புக்கு வரவில்லை என்று யாருக்குச் சொல்வார்கள்? அப்பாவுக்குத்தான். அந்த எண்ணைத்தான் ஆபீஸ் வைத்திருக்கிறது. பெனட் தன் விண்ணப்பத்தைத் தானே நிரப்பியவன், அதனால் அவன் எண் சரியாக இருந்தது. நான் சரிபார்த்த ஒரே ஆள் அவன்.

ஆக, ஒவ்வொரு பெண்ணின் ஐஸ்கிரீமும் லிப்ஸ்டிக்கும் ஒவ்வொரு டீயும் தென்மாவட்டம் முழுக்க அப்பாக்களின் சட்டைப்பைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது.

பையன்கள் பக்கம் இது ஒரு ஜோக். "எங்கப்பா 'சிகரெட்டா வாங்குன'ன்னு கேக்காவ, 'இல்ல, பென்சில்'னேன்" என்று பெனட்டிடம் சொல்லிச் சிரிக்கிறான் ஒருவன். பெண்கள் விடுதி வாசலில் யாரும் சிரிக்கவில்லை. அங்கே போய் நின்றபோதுதான் எல்லாம் புரிந்தது. இவர்களில் பலருடைய வங்கிக் கணக்கு பள்ளியில் படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்தது. அதில் இருப்பதும் அப்பா நம்பர்தான். வெளி ஆப்பில் டீ குடித்தால் அப்பாவுக்கு மெசேஜ். 'யாரோட குடிச்ச' என்று உடனே போன். ஒவ்வொரு டீக்கும் அடித்த போன் அதுதான். டப்புவில் 'கல்லூரிக்குச் செலுத்தியது' என்று ஒரு மெசேஜோடு முடிந்தது. அதனால்தான் எல்லாரும் உள்ளே வந்தார்கள். பச்சை டிக்குக்காக யாரும் வரவில்லை.

கோமதி கடைசியாக வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருக்கலாம்.

"எங்கப்பாக்குப் போனத வாசிக்கவா?" என்று போனை எடுத்தாள். அவள் அப்பா அப்படியே அவளுக்குத் திருப்பி அனுப்பியிருந்தார். "'மகளிர் கால்பந்து அணி, ஜெர்சி. மகளிர் கால்பந்து அணி, முழங்கால் பட்டை. மகளிர் கால்பந்து அணி, ஃபைனல் பஸ் பங்கு. டப்புவைப் பயன்படுத்தியதற்கு நன்றி.' நன்றி வேற சொல்லியிருக்க."

"ஒங்கப்பாக்கு நீ ஆடுறது தெரியாதா?"

"பிளஸ் டூல ஆடி விழுந்தேன். தோள் எலும்பு ஒடிஞ்சு பிளேட் வச்சாவ. ஆஸ்பத்திரில எங்கப்பா ராத்திரியெல்லாம் நின்னுக்கிட்டே இருந்தாவ. இனி பந்து பக்கம் போகக்கூடாதுன்னு சொல்லித்தான் இங்க சேத்தாவ. நாலு வருஷமா நான் லைப்ரரில இருக்கேன்னு நெனச்சிட்டு இருக்காவ." நிறுத்தினாள். "நாளைக்கு வாராவ. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக. பரீட்சைக்கு மட்டும் வந்தாப் போதுமாம்."

சனிக்கிழமை ஃபைனல்.

எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. லேப்டாப்பைத் திறந்து தட்டினேன்: 'தொழில்நுட்பக் கோளாறு காரணமாக நேற்று அனுப்பப்பட்ட விவரங்கள் தவறானவை. வேறு மாணவர்களின் செலவுகள் கலந்துவிட்டன. வருந்துகிறோம்.' ஒரு பட்டனை அழுத்தினால் எல்லா அப்பாக்களுக்கும் போய்விடும். சுற்றி நின்றவர்கள் அனுப்பு அனுப்பு என்றார்கள். கோமதி குனிந்து படித்தாள்.

"இத அனுப்புனா டப்பு செத்துரும்ல. செலவ மாத்திக் காட்டுற ஆப்ப எவன் நம்புவான்?"

"சாகட்டும். ஒங்கப்பா நம்புவாருல்ல?"

"நம்பிருவாவ. அதுதான் பிரச்சினை." லேப்டாப்பை அவளே மூடினாள். "நாலு வருஷம் நான் சொன்ன பொய் போதும். நீ வேற அவியளுக்கு ஒண்ணு சொல்லாத. நாளைக்கு நானே பேசிக்கிடுதேன்."

பக்கத்தில் நின்ற ஒருத்தி முறைத்தாள். "ஒனக்கு சரி கோமு. எனக்கு?"

போனைக் கொடு என்றேன். "ஒங்கப்பா கூப்பிட்டா எங்கிட்ட குடு. தப்பு என்னோடதுன்னு நான் சொல்லுதேன். பொய் இல்ல, அது நெசம்தான்."

மதியம் முழுக்க விடுதி வாசலில் நின்று அப்பாக்களோடு பேசினேன். ஒருவர் என் ஊர், என் அப்பா பெயர் எல்லாம் குறித்துக்கொண்டார். ஒரு அம்மா, மகளுக்குச் சளி பிடிக்கும், ஐஸ்கிரீமை நிறுத்த உங்கள் ஆப்பில் வழி உண்டா என்று கேட்டார். கோவில்பட்டியிலிருந்து ஒரு அப்பா மட்டும், "என் பிள்ள ஐஸ்கிரீம் தின்னா எனக்கு எதுக்குடே மெசேஜ்? நான் என்ன ஐஸ் வண்டிக்காரனா?" என்றார். அவரோடு இன்னும் கொஞ்சம் பேசியிருக்கலாம் போலிருந்தது.

சிலரிடம் எடுபடவில்லை. லிப்ஸ்டிக் வாங்கிய இரண்டாம் ஆண்டுப் பெண்ணை இன்றைக்கே வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். ஆட்டோவில் ஏறும்போது அவள் என்னைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

காலையில் எஸ்எம்எஸ் இணைப்பை அறுத்தேன். மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். "பட்டியலைக் கேட்டப்ப யார் நம்பர்னு நானும் யோசிக்கல," என்றார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

பெண்கள் விடுதி உணவுக்கூடத்தில் வார்டன் அனுமதியோடு நின்று பேசினேன். "யாருக்கும் போகாதுன்னு சொன்னேன். போயிருச்சு. எவனும் திருடல, நானேதான் அனுப்பினேன். யாருக்குப் போகுதுன்னு பாக்கல. பணத்தத் திரும்ப வாங்கிக்கிடணும்னா இப்பவே வாங்கிக்கிடலாம்." வரிசை நின்றது. உணவுக்கூடத்தைத் தாண்டி வெளியே மரம் வரைக்கும் நின்றது. முதல் ஆள் கோமதி. நோட்டை வாங்கி, நாலாக மடித்து, போன் கவருக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

பெனட் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாருக்கும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். வழக்கமாக இந்த மாதிரி நேரத்தில் என்னை ஓட்டிக்கொண்டே இருப்பான். இன்று ரூபாயை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தான்.

பதினொரு மணி வாக்கில் கோமதியின் அப்பா வந்தார். சண்முகவேல். சங்கரன்கோவிலில் விசைத்தறி வைத்திருக்கிறார். ஒல்லி ஆள், கையில் காலியான ஒரு பெரிய பை. அவளுடைய துணிமணிகளை எடுத்துப் போக.

"நீங்கதான் அந்த மெசேஜ் அனுப்புன தம்பியா?"

"ஆமா சார்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றி தம்பி. நீங்க இல்லன்னா எனக்குக் கடைசி வரைக்கும் தெரிஞ்சிருக்காது."

இந்தத் திட்டத்துக்கு இதுவரை யாரும் கையைப் பிடித்து நன்றி சொன்னதில்லை. அந்தக் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"சார், நான் செஞ்சது தப்பு. ஒங்களுக்கு அனுப்பச் சொல்லி அவ கேக்கல."

"பெத்தவனுக்குச் சொல்ல அவகிட்ட கேக்கணுமோ?"

"ஆமா சார்."

கையை விட்டுவிட்டார்.

கோமதி நடுவில் வந்தாள். கிரவுண்டில் கேட்கிற குரல் இல்லை அது. "அப்பா, பொய் சொன்னேன். ஏசுங்க, அடிங்க, கேட்டுக்கிடுதேன். ஆனா நான் ஆடி நீங்க ஒரு தடவகூடப் பாத்ததில்ல. விழுந்ததத்தான் பாத்திருக்கீங்க. நாளைக்கு ஒரு நாள் பாருங்க. பாத்துட்டு வீட்டுக்கு வான்னா வாரேன்."

அவர் காலிப் பையைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க தங்குறதுக்கு எடம் இருக்கா தம்பி?"

எங்கள் ரூமில் என் கட்டிலைக் கொடுத்தேன்.

பிப்ரவரி 22, சனி

பாளையங்கோட்டை. கல் படிக்கட்டு காலை ஒன்பதுக்கே சுட்டது. கோமதியின் அப்பாவும் நானும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தோம். நாகர்கோவில் அணியில் எல்லாரும் ஓங்குதாங்காக இருந்தார்கள். அவர் அதை முதலில் கவனித்தார். "பூராம் ஆம்பளப் பயலுவ கணக்கா இருக்கு," என்றார்.

எனக்குக் கால்பந்து விதிகள் தெரியாது. அவருக்கும் தெரியாது. ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கிவிட்டோம். கோமதி இரண்டு முறை விழுந்தாள். அவள் விழும்போதெல்லாம் அவர் கை தன்னுடைய இடது தோளைப் போய்ப் பிடித்துக்கொண்டது. அவள் எழுந்து ஓடிய பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

அப்புறம் அந்தக் கோல். வலது ஓரத்தில் பந்தை வாங்கினாள், ஒருத்தியைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள், அடித்தாள். வலை குலுங்கியது. நான் எழுந்து குதித்துவிட்டேன். ஓரத்தில் நின்ற ஆள் கொடியைத் தூக்கினார். கோல் இல்லையாம்.

"ஏன் இல்ல?" என்றார் என்னிடம்.

"ஆஃப்சைடு சார்."

"அப்படின்னா?"

"தெரியாது சார்."

அவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். "ஏய் கொடி! கண்ணு தெரியலியா ஒனக்கு? உள்ளதானே போச்சு பந்து? வலைய வந்து பாருவே!" மொத்த கேலரியும் திரும்பிப் பார்த்தது. கோமதியும் பார்த்தாள். அங்கே நடுமைதானத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள், நம்ப முடியாத மாதிரி.

இரண்டாம் பாதியில் எந்தக் கொடியும் தூக்க முடியாத மாதிரி ஒன்று அடித்தாள். அவர் உட்காரவே இல்லை. கடைசியில் அவர்கள் இன்னொன்று போட்டு ஜெயித்துவிட்டார்கள். தோற்றுவிட்டோம். என் தொண்டை கட்டிவிட்டது. இப்படி ஒரு காலையை நான் பார்த்ததே இல்லை.

அணி பஸ்ஸிலேயே எல்லாரும் கல்லூரிக்குத் திரும்பினோம். பை எங்கள் ரூமில் இருந்தது. பஸ்ஸில் அப்பா முன் சீட்டில், மகள் பின் சீட்டில். இறங்கியதும் அவர் மோர்க்கடையைப் பார்த்தார்.

"பிள்ளைகளுக்கெல்லாம் மோர் குடுங்க," என்று ஐந்நூறு ரூபாய் நோட்டை நீட்டினார்.

"சில்லறை இல்லியே. டப்பு இருக்கா?" என்றார் கடைக்காரர்.

எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். நான் மோர்ப் பானையைப் பார்த்தேன்.

கோமதி அப்பா கையிலிருந்த நோட்டை வாங்கினாள். இரண்டு நொடி வைத்திருந்தாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

"ஏத்துல."

ஏற்றினேன். விரல் இரண்டு முறை தப்பான இடத்தில் பட்டது. அவள் போனைக் காட்டினாள். பச்சை டிக் துள்ளியது. எனக்கே அது கொஞ்சம் அதிகப்படியாகத் தெரிந்தது. குறைக்க வேண்டும்.

அவர் சட்டைப்பையிலிருந்து தன் போனை எடுத்தார். திரையைப் பார்த்தார். கொஞ்சம் காத்திருந்தார். மறுபடி பார்த்தார்.

"எனக்கு மெசேஜ் வரலியே."

"இனி வராதுப்பா."

"அப்ப நீ என்ன செய்யுதேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"கேளுங்க. சொல்லுதேன்."

மோரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். ஒரு வாய் குடித்தார். போனைச் சட்டைப்பையில் போட்டார்.

"தோள் வலிக்கா?"

"லேசா."

"ம்," என்றார். பையை எடுத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸுக்குப் போனார். பை காலியாகத்தான் போனது.

பிப்ரவரி 23, ஞாயிறு

பட்டியலில் 'மொபைல்' என்று இருந்ததை 'வீட்டார் எண்' என்று மாற்றச் சொல்லி ஆபீசுக்கு எழுதிவிட்டேன். டப்புவில் இனி அவரவர் எண்ணை அவரவரே போட வேண்டும். ரசீது வேண்டுமா, யாருக்கு என்றும் அவரவரே சொல்ல வேண்டும். மேடத்தின் ஸ்டடியை முதலிலிருந்து எழுதுகிறோம். இந்த முறை கேள்விகளைக் கோமதி எழுதுகிறாள், நான் தட்டச்சு செய்கிறேன். மார்ச்சில் சர்வரை அணைப்பார்களா என்று மேடம் இன்னும் சொல்லவில்லை. ஆட்டோவில் போன பெண் இன்னும் திரும்பி வரவில்லை. அவள் அப்பாவிடம் நாளைக்கு நேரில் போய்ப் பேசலாம் என்று கோமதி சொல்கிறாள். பெனட்டும் வருகிறானாம்.

புதிதாக எண்ணைப் பதிந்தவர்கள் கொஞ்சம்பேர்தான். முதல் பதிவு கோமதியுடையது. ரசீது: வேண்டாம்.

சாயங்காலம் லேபைப் பூட்டும்போது வாசலில் நின்று சொன்னாள். "செவ்வாக்கெழம அஞ்சு மணிக்கு பிராக்டிஸ். வைஃபை பாக்கணும்னா வா."

"கிரவுண்டுலதான் வைஃபையே கிடையாதே."

"அது எனக்கு முதல் நாளே தெரியும்ல," என்றாள்.